சித்தம் கலங்கியவர்களுக்காகக் கஜானாவைத் திறக்கச் செய்த டோரத்தியா அம்மையார்

புத்தி கலங்கியவனுக்குக் குளிர் தெரியாது. அவன் இருக்கும் அறைக்குக் கணப்பு எதற்கு?

சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் ஜெயில் அதிகாரிகள் இப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் மட்டும் அல்ல. படித்தவர்களும், பணம் படைத்தவர்களும்கூட அதற்கு மேல் யோசித்தது இல்லை.

அந்த நினைப்பை எதிர்த்து ஒரு பெண்மணி கிளம்பினார். அவருக்கு ஓட்டு கிடையாது. சட்டசபையில் எழுந்து பேசும் வழக்கம் அப்போது பெண்களுக்கு இல்லை. பதவி இல்லை, கட்சி இல்லை. அடிக்கடி இருமி இருமிப் படுத்துவிடும் உடம்பு வேறு. ஆனாலும் அவர் கேட்டதன் பேரில் ஒன்றன் பின் ஒன்றாக மாகாணங்கள் தங்கள் கஜானாவைத் திறந்தன. அவருடைய முயற்சியால் தோன்றிய, அல்லது விரிவடைந்த மனநோய் ஆஸ்பத்திரிகள் முப்பதுக்கும் மேல்.

அவர்தான் டோரத்தியா டிக்ஸ்.

விளையாடத் தெரியாத சிறுமி

1802-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் டோரத்தியா பிறந்தார். இன்று அந்த ஊர் மெய்ன் மாகாணத்தில் இருக்கிறது. தகப்பனார் ஊர் ஊராகப் போய் மதப் பிரசங்கம் செய்பவர். குடிப்பழக்கமும் உண்டு. தாயார் நோயாளி. தகப்பனாரின் பிரசங்கத் தாள்களை மடித்து ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக்குவது சிறுமியின் வேலை. இரண்டு தம்பிகளையும் அவள்தான் கவனிக்க வேண்டும். விளையாட நேரம் ஏது?

12 வயதில் பாஸ்டன் நகரில் இருந்த பாட்டியிடம் போய்ச் சேர்ந்தாள். பாட்டி வசதி படைத்தவர். ஆனால் மிகவும் கண்டிப்பானவர். கொஞ்சல், குலாவல் அந்த வீட்டில் கிடையாது.

14 வயதில் டோரத்தியா வூஸ்டர் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பெரியவளாகத் தோன்ற வேண்டும் என்று பாவாடையையும் சட்டைக் கையையும் நீளமாகத் தைத்துப் போட்டுக்கொண்டாராம்! பிறகு 1821-ல் பாட்டியின் வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். ஏழைக் குழந்தைகளுக்குத் தனியாக இலவச வகுப்பும் எடுத்தார். 1824-ல் அவர் எழுதிய ஒரு புத்தகம் குழந்தைகளுக்குச் சாதாரணப் பொருள்களைப் பற்றித் தாயும் மகளும் பேசுவதுபோல் சொல்லிக் கொடுத்தது. அது பல பதிப்புகள் விற்றது.

இரவு பகலாக உழைத்ததில் உடம்பு முறிந்தது. 1836-ல் டாக்டர்கள் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லிவர்பூல் நகரில் ராத்போன் என்ற நல்ல மனிதரின் வீட்டில் ஒன்றரை ஆண்டு படுத்தும் இருந்தும் காலம் கழித்தார். அந்த வீட்டுக்குச் சமூகத் தொண்டர்கள் பலர் வந்து போவார்கள். யார்க் நகரில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் 1796-ல் திறந்த ஒரு மனநோய் விடுதியைப் பற்றி அங்கேதான் பேச்சு அடிபட்டது. அந்த விடுதியில் சங்கிலி கிடையாது, சாட்டை கிடையாது. தோட்ட வேலை, நல்ல சாப்பாடு, அன்பான பேச்சு. இவைதான் மருந்து.

1837-ல் பாட்டி காலமானார். பேத்திக்கு ஆயுள் முழுவதும் வருமானம் வரும்படி சொத்து எழுதி வைத்திருந்தார். இதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் டோரத்தியா அம்மையார் லட்சக்கணக்கில் பொதுப்பணம் கேட்டார். தமக்கென்று அதில் ஒரு காசு தொட்டது இல்லை.

ஜெயிலில் கண்ட காட்சி

1841-ம் ஆண்டு மார்ச் 28. ஞாயிற்றுக்கிழமை. அம்மையாருக்கு அப்போது 38 வயது.

பாஸ்டனுக்கு அருகே கிழக்கு கேம்பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு ஜெயில். அங்கே பெண் கைதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பைபிள் பாடம் நடத்த ஆள் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பை ஏற்ற ஓர் இளம் மாணவர், இது பெண்கள் செய்ய வேண்டிய வேலை என்று எண்ணி யோசனை கேட்டு வந்தார். யாரையும் சிபாரிசு செய்யவில்லை அம்மையார். தாமே புறப்பட்டுப் போனார்.

பாடம் முடிந்தது. ஜெயிலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குற்றமும் செய்யாத சில பெண்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். சித்தம் கலங்கியவர்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம்! அறையில் கணப்பு இல்லை. மார்ச் மாதம் அந்த நாட்டில் கடுங்குளிர். ஏன் நெருப்பு இல்லை என்று கேட்டார். இவர்களுக்குக் குளிர் உறைக்காது, நெருப்பு வைத்தால் ஆபத்து என்று பதில் வந்தது.

அம்மையார் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போனார். அறைகளுக்குக் கணப்பு அடுப்பு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு திருப்தி அடைந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு ஜெயிலில் இப்படி என்றால் மற்ற ஜெயில்களில் எப்படி என்று அம்மையார் யோசித்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மாகாணம் முழுவதும் சுற்றக் கிளம்பினார்.

தலைகீழ் ஏலம்

அந்தக் காலத்தில் ஏழை மனநோயாளிகளின் செலவை யார் ஏற்றார்கள்? இதைத் தெரிந்துகொண்டால்தான் அம்மையாரின் போராட்டம் விளங்கும்.

ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பு ஒவ்வோர் ஊருக்கும் இருந்தது. ஊரார் வரிப்பணத்தில் அந்தச் செலவு நடக்கும். வரி கூடுவதை யார் விரும்புவார்கள்? ஆகவே பல ஊர்களில் ஏழைகளை ஏலம் விட்டார்கள். மாட்டை ஏலம் விட்டால் அதிக விலை கேட்பவனுக்குப் போகும். இது தலைகீழ் ஏலம். யார் மிகக் குறைந்த தொகைக்கு அந்த மனிதனை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறானோ, அவனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு சோறு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவனுக்கு லாபம்!

வூஸ்டர் நகரில் 1833-லேயே மாகாண சர்க்காரின் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று திறந்திருந்தார்கள். ஆனால் அங்கே இடம் போதவில்லை. இடம் இருந்தாலும், வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஊர் பணம் கட்ட வேண்டும். ஊர் அன்னசத்திரத்தின் கொட்டடியில் சங்கிலி போட்டு வைத்தால் செலவு குறைவு. எனவே கொட்டடிதான் கதி.

அம்மையார் கண்டவை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறின. ஊர் பெயர், இடம், நிலைமை எல்லாம் விவரமாக. லிங்கன் என்ற ஊரில் ஒரு பெண் கூண்டுக்குள் இருந்தாள். மெட்ஃபோர்டில் ஒரு மனிதர் 17 ஆண்டுகளாகக் குறுகிய தடுப்புக்குள் அடைபட்டிருந்தார்.

1843-ம் ஆண்டு ஜனவரி மாதம் இவற்றை எல்லாம் ஒரு மனுவாக எழுதிச் சட்டசபைக்கு அனுப்பினார். கண் தெரியாதவர்களுக்குப் பள்ளி நடத்திய டாக்டர் ஸாமுவேல் கிரிட்லி ஹோ அப்போது சட்டசபை உறுப்பினர். அவர் மூலம் மனு சபைக்கு வந்தது.

மாகாணமே அதிர்ந்தது. சில ஊர்ப் பெரியவர்கள் இது பொய் என்று கூச்சல் போட்டார்கள். ஊரின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோபித்தார்கள். ஆனால் தேதியோடும் இடத்தோடும் எழுதியதை எப்படி மறுப்பது? வூஸ்டர் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கச் சட்டசபை பணம் ஒதுக்கியது.

பத்தாயிரம் மைல்

பிறகு அம்மையாரின் கால்கள் ஓயவில்லை. ரயில் உள்ள இடத்தில் ரயில். இல்லாத இடத்தில் குதிரை வண்டி, படகு. வண்டி உடைந்தால் பழுது பார்க்கச் சுத்தியலும் ஆணியும் கூடவே கொண்டு போனார். சில ஆண்டுகளுக்குள் பத்தாயிரம் மைலுக்கு மேல் பிரயாணம் செய்ததாகவும், 18 மத்திய ஜெயில்கள், 300 ஜில்லா ஜெயில்கள், 500-க்கு மேற்பட்ட அன்னசத்திரங்கள் ஆகியவற்றைப் பார்த்ததாகவும் அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே முறைதான் எல்லா மாகாணத்திலும். முதலில் போய்ப் பார்ப்பார். பிறகு எழுதுவார். பிறகு சட்டசபை கூடும் ஊரில் தங்கி, உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

ரோட் தீவு மாகாணத்தில் சைரஸ் பட்லர் என்று ஒரு கோடீசுவரர். கைவிரல் இடுக்கில் தண்ணீர் சிந்தாதவர் என்று பெயர் எடுத்தவர். அம்மையார் போனார். அவர் வானிலையைப் பற்றியே பேசி நேரத்தைக் கடத்தப் பார்த்தார். அம்மையார் விடவில்லை. திரும்பி வரும்போது 40,000 டாலர் வாக்குறுதியோடு வந்தார். பட்லர் ஆஸ்பத்திரி உருவாயிற்று.

ஆனாலும் தனவந்தரின் தயவு எல்லா ஊரிலும் கிடைக்குமா? கிடைத்தாலும் நிலைக்குமா? ஆகவே சர்க்கார் கஜானாதான் இதற்குப் பொறுப்பு என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். இரக்கத்தை மட்டும் சொல்லி அவர் கேட்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினார். ஆரம்பத்திலேயே வைத்தியம் செய்தால் நோயாளி குணமாகி வேலைக்குத் திரும்புவான். சங்கிலியில் போட்டால் சாகும் வரை ஊருக்குச் சுமை. எது மலிவு?

நியூ ஜெர்சி மாகாணத்துக்கு 1845-ல் மனு கொடுத்தார். அதில் ஒரு கிழவரைப் பற்றி எழுதியிருந்தார். அன்னசத்திரத்தின் நிலவறையில் ஒரு சிறு கட்டிலில் கிடக்கிறார். முன்னொரு காலத்தில் சட்டம் படித்துப் பதவி வகித்தவர். அதே சட்டசபையில் உட்கார்ந்தவர். உறுப்பினர்கள் மனம் கலங்கினார்கள். இன்றைக்கு அவர், நாளைக்கு யாரோ! மாலை நேரங்களில் பதினைந்து, இருபது உறுப்பினர்கள் ஒன்றாக அம்மையார் தங்கியிருந்த விடுதிக்கு வந்து அவர் சொன்னதைக் கேட்டுப் போனார்கள். சட்டம் நிறைவேறியது. 1848-ல் டிரென்டன் நகரில் ஆஸ்பத்திரி திறந்தது. இந்த ஆஸ்பத்திரியின் மேல் அம்மையாருக்குத் தனிப் பாசம்.

வட கரோலினாவில் கதை வேறு. 1848-ல் அங்கே மசோதா தோற்றுவிடும் நிலை. அம்மையார் தங்கிய அதே ஓட்டலில் சட்டசபைத் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டாபினின் மனைவி லூயிசா நோயுற்றுக் கிடந்தார். அம்மையார் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். லூயிசா பிழைக்கவில்லை. அந்த அம்மாளுக்காக உதவுங்கள் என்பதே அவர் கணவரிடம் கேட்ட கடைசி வரம். மனைவியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய டாபின், துக்க உடையோடு சபையில் எழுந்து பேசினார். மசோதா வென்றது!

ராலி நகரில் அந்த ஆஸ்பத்திரி 1856-ல் திறந்தது. தம் பெயரை வைக்கக் கூடாது என்று அம்மையார் மறுத்தார். அதனால் அந்தக் குன்றுக்கு அவருடைய பாட்டனார் பெயரில் டிக்ஸ் குன்று என்று பெயர் சூட்டினார்கள். பிற்காலத்தில் ஆஸ்பத்திரிக்கே டோரத்தியா டிக்ஸ் பெயர் வந்தது. 2012-ல் அதை மூடிவிட்டார்கள். இன்று அந்த இடம் ஒரு பூங்கா.

ஜனாதிபதியின் ஒரு கையெழுத்து

மாகாணம் மாகாணமாக மன்றாடிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அம்மையார் மத்திய சர்க்காரிடமே போனார்.

அப்போது அமெரிக்க மத்திய சர்க்காரிடம் பணம் குறைவு. நிலம் கணக்கில் அடங்காது. பள்ளிக்கூடங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். ரயில் பாதை போடவும் கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கு ஏழை மனநோயாளிகளுக்குக் கூடாதா? நிலத்தை விற்று, பணத்தை முதலீடு செய்து, வட்டியில் ஆஸ்பத்திரிகளை நடத்தலாம் என்பது திட்டம். 1848-ல் 50 லட்சம் ஏக்கர் கேட்டார். மறுத்தார்கள். அடுத்து, காது கேளாதவர்களையும் கண் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டு 1 கோடியே 22 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் கேட்டார்! குறைத்துக் கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

அமெரிக்கப் பாராளுமன்றத்தின் நூலகத்தில் அவருக்கென்று ஒரு மூலை ஒதுக்கினார்கள். அங்கே உட்கார்ந்து ஆறு ஆண்டு உறுப்பினர்களைச் சந்தித்தார். ஒரு சபை ஒப்புக்கொண்டால் மறு சபை கைவிடும். கடைசியில் 1854-ல் இரண்டு சபைகளும் மசோதாவை நிறைவேற்றின. ஜனாதிபதியின் கையெழுத்துதான் பாக்கி.

ஜனாதிபதி பிராங்க்லின் பியர்ஸ் துக்கம் அறியாதவர் அல்ல. பதவி ஏற்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ரயில் விபத்தில் அவருடைய 11 வயது மகன் கண் எதிரே இறந்து போனான். மனைவி அந்தச் சோகத்திலிருந்து மீளவே இல்லை. மந்திரி சபையில் இருந்தவர் யார் தெரியுமா? வட கரோலினாவில் துக்க உடையோடு பேசிய அதே டாபின்! கையெழுத்து கிடைக்கும் என்று அம்மையார் நம்பியதில் வியப்பு இல்லை.

1854 மே 3-ந் தேதி பியர்ஸ் மசோதாவை நிராகரித்தார்.

மனநோயாளிகளிடம் தமக்கு இரக்கம் உண்டு என்றார். ஆனால் தர்மம் செய்யும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மத்திய சர்க்காருக்குக் கொடுக்கவில்லை. இது மாகாணங்களின் பொறுப்பு. இன்று மனநோயாளிக்குக் கொடுத்தால் நாளை எல்லா ஏழைகளும் கேட்பார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் சட்ட நுணுக்கம் இருக்கலாம். ஆனால் ரயில் கம்பெனிகளுக்குப் பயன்பட்ட நிலம் எந்தச் சட்டத்தில் போயிற்று? எட்டு ஆண்டு கழித்து, 1862-ல், லிங்கன் ஜனாதிபதியாக இருந்தபோது அதே பொது நிலம் கல்லூரிகளுக்குப் போயிற்று. அரசியல் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. நோயாளிகளுக்கு மட்டும் நேரம் வரவில்லை.

அந்த ஒரு நிராகரிப்பு நெடுங்காலம் தடைக்கல்லாக நின்றது. மனநல வேலைக்கு மத்திய சர்க்கார் பெரிய அளவில் பணம் தர 1946-ல்தான் சட்டம் வந்தது. 1955-ல் மாகாண மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 5 லட்சத்து 59 ஆயிரம் பேர் அடைந்து கிடந்தார்கள். 1963 அக்டோபர் 31-ந் தேதி ஜனாதிபதி கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய சகோதரி ரோஸ்மேரி மூளை வளர்ச்சி குறைந்தவர். 1941-ல் செய்த மூளை ஆபரேஷன் அவரை முடமாக்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் அடைப்பதை விட்டு, மக்கள் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே மனநல நிலையங்கள் கட்ட மத்திய சர்க்கார் 15 கோடி டாலர் தர அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. மூன்று வாரத்தில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

1,500 நிலையங்கள் என்று திட்டம். பாதிதான் வந்தன. 1981-ல் இந்த உதவியைத் தனியாகத் தருவதை நிறுத்தி, மாகாணங்களுக்கு மொத்தமாகத் தரும் நிதியோடு சேர்த்தார்கள். தொகையும் குறைந்தது. இதற்கிடையே பழைய ஆஸ்பத்திரிகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பலர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். போக்கிடம் இல்லாத பலர் தெருவில் நின்றார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். அம்மையார் 1841-ல் அவர்களைக் கண்ட அதே இடம்!

கடல் கடந்தும்

1854-ல் தோல்வியோடு அம்மையார் ஓய்வுக்காக ஐரோப்பா போனார். ஓய்வா எடுத்தார்? ஸ்காட்லாந்தில் தனியார் நடத்திய மனநோய் விடுதிகளைப் பார்த்தார். பார்த்ததும் லண்டனுக்குப் போய் உள்நாட்டு மந்திரியிடம் முறையிடத் தீர்மானித்தார். இதை அறிந்த எடின்பரோ நகரத் தலைவர், தாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று மூட்டை கட்டினார். அம்மையார் அன்று இரவு ரயிலைப் பிடித்தார்! நகரத் தலைவர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1857-ல் ஸ்காட்லாந்தில் ஜில்லாதோறும் பொதுப்பணத்தில் மனநோய் ஆஸ்பத்திரி நிறுவச் சட்டம் வந்தது. ரோமாபுரியில் போப்பாண்டவரையும் நேரில் கண்டு, அவருடைய ஆட்சியில் இருந்த மனநோய் விடுதியின் நிலையை எடுத்துச் சொன்னார்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் வடபகுதி ராணுவத்தின் நர்சுகளுக்கு அவரைத் தலைவியாக்கினார்கள். இந்த வேலை அவருக்குப் பொருந்தவில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட, அலங்காரம் இல்லாத பெண்கள்தான் வேண்டும் என்று விதி போட்டார். டாக்டர்களோடு ஓயாத சண்டை. சம்பளம் வாங்காமல் 1866 வரை உழைத்தார் என்பது மட்டும் மிச்சம்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். நீக்ரோ அடிமைகள் சங்கிலியில் கிடந்த தென் மாகாணங்களில் ஆண்டுக்கணக்கில் சுற்றியவர், அந்தச் சங்கிலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கே ஆஸ்பத்திரிக்குப் பணம் கிடைத்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் அந்த மௌனம் உறுத்துகிறது.

டிரென்டன் மாடியறை

யுத்தம் முடிந்ததும் பழைய வேலைக்கே திரும்பினார். ஆனால் நிலைமை மாறியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் 250 நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று மனநோய் டாக்டர்களின் சங்கம் 1851-ல் தீர்மானம் போட்டிருந்தது. 1866-ல் அதே சங்கம் 600 வரை போகலாம் என்றது. புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதில் திணிப்பது மலிவு என்பதைச் சட்டசபைகள் கண்டுகொண்டன. முக்கால்வாசிப் பேர் குணமாகிறார்கள் என்று முன்பு டாக்டர்கள் சொன்ன கணக்கும் ஆட்டம் கண்டது. ஒரே நோயாளி திரும்பத் திரும்ப வந்து குணமானால் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளாக எண்ணியிருந்தார்கள் என்பதை பிளினி எர்ல் என்ற டாக்டர் 1870-க்குப் பிறகு அம்பலமாக்கினார். அம்மையார் சட்டசபைகளில் காட்டிய மலிவுக் கணக்கும் அதோடு பலவீனப்பட்டது.

1881-ல் உடம்பு அறவே தளர்ந்தது. அம்மையாருக்குச் சொந்த வீடு கிடையாது. தாம் உருவாக்கிய டிரென்டன் ஆஸ்பத்திரியை நாடி வந்தார். உயிர் உள்ள வரை அங்கே இலவசமாக இருக்கலாம் என்று நியூ ஜெர்சி சட்டசபை அறைகள் கொடுத்தது. ஆறு ஆண்டு அங்கே படுக்கையில் கழிந்தது. படுத்தபடியே கடிதங்கள் எழுதினார். எந்த ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

1887-ம் ஆண்டு ஜூலை மாதம், 85-வது வயதில், அந்த அறையிலேயே அவர் காலமானார். கேம்பிரிட்ஜ் நகரில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 46 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பைபிள் பாடம் நடத்தப் போன ஜெயில் இருந்ததும் அந்தப் பக்கத்தில்தான். கல்லறையில் அவர் பெயரை மட்டும் பொறித்தார்கள்.